பானைக்குள் இறங்கும் மூடி

லிஃப்ட் ரிப்பேர் பார்த்து ரிட்டையரான லிஃப்ட்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை என்பதே பத்து நிமிஷம்தான். மகள் வருவாள், வாரத்துக்கான சாப்பாட்டு டப்பாக்களை ஃப்ரிட்ஜில் அடுக்குவாள், காலி டப்பாக்களைப் பையில் போடுவாள், மாத்திரை போட்டீங்களா என்பாள், கார் சாவியை விரலில் சுழற்றியபடியே கிளம்பிவிடுவாள். மனைவி போய்ச்சேர்ந்ததிலிருந்து அவள் அந்த வீட்டில் உட்கார்ந்ததே இல்லை. மேசையைச் சுற்றியிருந்த நாற்காலிகளில் ஒன்று மட்டும் தேய்ந்துகொண்டிருந்தது.

தானே சமைத்துக்கொண்டு, டப்பா வேலை ஒழிந்தால் உட்காருவாள் என்று கணக்குப் போட்டார். ஆனால் மனைவி செய்ததைச் செய்தால், அம்மா கைப்பக்குவம் வரலைப்பா என்ற தீர்ப்பு முதல் வாயிலேயே வந்துவிடும். பழைய புத்தகக் கடையில் ஜப்பானிய வீட்டுச் சமையல் புத்தகங்கள் இரண்டு கிடைத்ததும் ராஜ்யமே கைக்கு வந்தமாதிரி இருந்தது. அவர் வம்சத்திலேயே யாரும் சாப்பிடாத சமையல். எவன் நொட்டை சொல்ல முடியும்?

அதுவரை உலகத்தில் காய்கள் அவருக்கு இரண்டே வகை: தட்டில் விழுபவை, விழாதவை. புத்தகமோ ஆளை உலுக்கிவிட்டது. கோபோ என்று ஒரு வேர், பார்த்தால் மண்ணிலிருந்து பிடுங்கிய ஒயர். அதன் ருசியே தோலில் இருப்பதால் சீவக் கூடாதாம், கத்தியின் முதுகால் சுரண்டினால் போதுமாம். கபோச்சா பரங்கியைப் பச்சைத் தோலோடேயே வேகவைக்க வேண்டுமாம். வெள்ளை முள்ளங்கிக்குத் தலைப்பக்கம் இனிப்பு, வால்பக்கம் காரம். தொட்டிலில் போட்டு ஆட்டுமளவுக்குப் பருத்த முள்ளங்கியாக அவர் தேடி, ஒவ்வொன்றையும் தட்டிப் பார்க்க, காய்கறிக்கடை அம்மா இடுப்பில் கை வைத்தாள்.

"என்ன சார், வாங்கப் போறீங்களா, வேலைக்கு எடுக்கப் போறீங்களா?"

வெட்டிய துண்டுகளின் விளிம்பைச் சீவிவிட வேண்டும், இல்லாவிட்டால் வேகும்போது மோதி உடையும் என்று புத்தகம் சொன்னது. இரும்புக்குப் பிசிறு எடுத்தே ஆயுசைக் கழித்தவருக்கு இது சொல்லியா தெரியவேண்டும்? அதைவிட அந்த மூடி! பானையைவிடச் சின்னது, விளிம்பில் உட்காராமல் உள்ளேயே இறங்கி, காயின் மேல் படுத்து, தண்ணீர் வற்ற வற்றத் தானும் கீழே இறங்குவது. அசல் லிஃப்ட். அலுமினியத் தகட்டை வட்டமாக அறுத்து, ஓட்டை போட்டு, அவரே செய்துகொண்டார்.

அந்த ஞாயிறு மகள் அடுப்பை எட்டிப் பார்த்துவிட்டு, மூடி உள்ளே விழுந்துவிட்டது என்று இடுக்கியோடு பாய்ந்தாள். அவர் தடுத்து, ஒரு துண்டு பரங்கியை நீட்டினார். நின்றபடி தின்றாள். இன்னொன்று கேட்டாள். பிறகு, சாவியை மேசையில் வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். லிஃப்ட்காரருக்குத் தன் தட்டில் என்ன இருக்கிறதென்றே தெரியவில்லை.

சாப்பிட்டு முடித்தபோது அவள் கண் கலங்கியிருந்தது.

"எவ்ளோ நிம்மதியா இருக்கு தெரியுமாப்பா. நீங்களே சமைச்சுக்கிறீங்க. இனிமே வாரா வாரம் ஓடி வரவேணாம், மாசத்துக்கு ஒருதடவை வந்து பாத்துக்கிறேன்."

அதுக்கென்னம்மா, உன் வேலையைப் பாரு என்று பெருந்தன்மையாகச் சொல்லிவைத்தார். அவள் டப்பாக்களை ஒன்றுவிடாமல் எடுத்துப் போனாள்.

அடுத்த ஞாயிறு கதவோரம் உட்கார்ந்து லிஃப்ட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார். மோட்டார் சத்தத்திலேயே எந்த மாடியில் நிற்கிறதென்று சொல்லிவிடுகிற காது அது. எல்லா மாடியிலும் நின்றது, அவர் மாடியைத் தவிர.

இரண்டு நாள் கழித்து மகள் ஃபோன் பண்ணி என்ன சமையல் என்று கேட்டபோது, அடுப்பில் முள்ளங்கி மூடிக்கடியில் முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

"கருகிப்போச்சும்மா," என்றார். "பானையும் போச்சு."

வேலையில் இருந்த காலமெல்லாம், ஓடுகிற லிஃப்ட்டை ஓடவில்லையென்று ரிப்போர்ட்டில் ஒருமுறைகூட எழுதாத மனிதர்.

அந்தப் பக்கம் பெருமூச்சு வந்தது. "நெனச்சேன். ஒருநாள் நல்லா வந்துட்டா சமையல் தெரிஞ்சதா ஆயிடுமா? ஞாயித்துக்கிழமை டப்பா கொண்டாரேன். ஆனா நிக்க நேரமிருக்காதுப்பா."

"நிக்கவே வேணாம்மா. வந்துட்டுப் போ."

ஃபோனை வைத்துவிட்டு மூடியைத் தூக்கினார். முள்ளங்கி கண்ணாடியாக வெந்திருந்தது. ஜப்பான் சக்கரவர்த்தியே பந்தியில் இடம் கேட்டு நின்றிருப்பார். ஒரு துண்டு விடாமல், ஒற்றை ஆளாகத் தின்று தீர்த்தார்.

பிறகு பானையைக் கழுவித் துடைத்து, வெறுமனே அடுப்பில் ஏற்றி, ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு, அடி நன்றாகக் கருகும்வரை பக்கத்திலேயே நின்றார்.