படத்தின் மூலையில் ஒரு தேதி

வீட்டிலிருந்து கிளம்பும்போதே கேமராவிலிருந்து கார்டைக் கழற்றி வைத்திருக்க வேண்டும். ஒரு நிமிட வேலை. எட்டு மாதமாக அதைச் செய்யாதவன் அன்றைக்கும் செய்யவில்லை. வாசலுக்கு வந்து செருப்பை மாட்டக் குனிந்தபோது மாமனார், "குடுங்க மாப்ள, நான் வச்சுக்கிறேன்" என்று கேமராப் பையை வாங்கிக்கொண்டார். அதோடு அது கைவிட்டுப் போயிற்று.

கேமராக் கடைக்குப் போகும் பஸ்ஸில் வழியெல்லாம் அந்தச் சின்னப் பை மாமனாரின் மடியில் இருந்தது. கோழிக்குஞ்சைப் பொத்தி வைத்திருப்பவர் போல இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அவன் ஜன்னலைப் பார்ப்பதுபோல அதையே பார்த்துக்கொண்டு வந்தான்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு வண்டி. காட்டுக்குள் மூன்று நாள், திறந்த ஜீப்பில் விலங்குகளைப் பார்க்கிற பயணம். பதிவு செய்தவள் அவன் மனைவி. ஒரு வருடத்துக்கு முன்பே இரண்டு இடம் போட்டிருந்தாள். அவள் இறந்த பிறகு அந்த இடத்தில் அவள் அப்பா வருகிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அவளுடைய கேமரா கட்டிலிலிருந்து விழுந்து, லென்ஸ் பாதி வெளியே வந்த நிலையில் சிக்கிக் கிடந்தது. பொத்தானை அழுத்தினால் மூன்று முறை கூவிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளும். அதைக் கொடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கலாம் என்று யோசனை சொன்னதும் மாமனார்தான்.

அந்தக் கார்டில் ஒரு படம் இருந்தது. அது இருப்பது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

அவளுக்குப் பறவைப் பைத்தியம். எந்தப் பறவையை எந்த நாளில் பார்த்தாள் என்று நோட்டில் எழுதுவாள். அதற்காகவே படத்தின் மூலையில் தேதி விழும்படி கேமராவில் வைத்திருந்தாள். காட்டுப் பயணத்துக்காக ஓயாமல் பழகிக்கொண்டிருந்தாள். கைக்கு எட்டியதையெல்லாம் எடுப்பாள். ஜுரம் வந்த திங்கட்கிழமை, பக்கத்தில் வைத்து எடுத்தால் எழுத்து தெளிவாக விழுகிறதா என்று பார்க்கத் தெர்மாமீட்டரைப் படம் எடுத்தாள். நூற்று மூன்று புள்ளி நான்கு. "அட, எவ்வளவு சுத்தமா வந்திருக்கு பாருங்க" என்று அவனிடம் காட்டிச் சிரித்தாள். அவன் மாத்திரை கொடுத்துவிட்டு வேலைக்குப் போனான். உதிரிபாகக் கிடங்கில் சரக்குக் கணக்கெடுப்பு நடந்துகொண்டிருந்த வாரம் அது. செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் போனான். சாதாரண ஜுரம்தான், நீங்க போங்க என்றுதான் அவளும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது, எத்தனை நாளாக ஜுரம் என்று டாக்டர் கேட்டாள். பக்கத்தில், சேதி கேட்டு ஓடிவந்த மாமனார் மூச்சிரைக்க நின்றுகொண்டிருந்தார். மகள் ஐந்து நாளாகப் படுத்துக்கிடந்தது தெரிந்தால் அங்கேயே தன்னைக் கிழித்துப் போட்டுவிடுவார் என்று பயந்தான். "நேத்துலருந்துதான்" என்றான். அதுவே தாளில் ஏறியது. சனிக்கிழமை எல்லாம் முடிந்தது.

இரண்டாம் நாள் ஜுரத்துக்குச் செய்வது வேறு, ஐந்தாம் நாளுக்குச் செய்வது வேறு என்று பிறகு எங்கோ படித்தான். அன்றைக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாளா? தெரியாது. தெரிந்துகொள்ள அவன் யாரையும் கேட்கவில்லை.

மாமனார் கேட்டார். இரண்டு நாள் ஜுரத்தில் யாராவது சாவார்களா என்று கண்ணில் பட்டவரையெல்லாம் கேட்டார். முப்பத்தோரு வருஷம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து எழுதியவர். எண்ணில் பிசகு இருந்தால் அவருக்குத் தூக்கம் வராது. அந்த டாக்டர் மேல் நான்கு பக்கத்துக்குப் புகார் எழுதினார். வியாழன் ஜுரம், வெள்ளி சேர்ப்பு, சனி மரணம் என்று தேதி போட்டு எழுதி, கீழே சாட்சியாக அவனிடம் கையெழுத்து வாங்கினார். காட்டிலிருந்து திரும்பியதும் வரும் திங்கட்கிழமை விசாரணை.

கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டு அந்த ஒரு படத்தை மட்டும் அழித்திருக்கலாம். அதற்குப் போக மற்ற படங்களைத் தாண்ட வேண்டும். அவனால் அது ஆகவில்லை.

கடை ஒடுக்கமாக, நீளமாக இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் கேமராக்கள் வரிசையாக நின்றன. கடைக்காரருக்கு வாய் கொஞ்சம் நீளம். காட்டுக்கு என்று கேட்டதும் முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸைத் தூக்கினார். ஆளுக்கு ஒரு சின்னப் பைக்குத்தான் ஜீப்பில் இடம், தவிர தனக்குக் கை நடுங்கும் என்று மாமனார் சொன்னார். சட்டைப்பையில் அடங்குகிற மாதிரி வேண்டும்.

கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று விடிகாலை மங்கல் வெளிச்சத்திலும் படம் நன்றாக எடுக்கும், ஆனால் எட்டு மடங்குக்கு மேல் கிட்டே இழுக்காது. இன்னொன்று முப்பது மடங்கு இழுக்கும், வெளிச்சம் குறைந்தால் படம் பொரிப்பொரியாக வரும். "சிறுத்தை உங்களுக்காக வெயில்ல வந்து நிக்காது சார். அதுக்காகப் பக்கத்துலயும் வராது. ரெண்டுல எது வேணும்னு நீங்கதான் சொல்லணும்" என்றார்.

மாமனார் முப்பது மடங்கை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். எதிர்ச் சாரியில் பூட்டிக் கிடந்த கடையின் மீட்டர் பெட்டிக்குக் குறி வைத்தார். கை நடுங்கியது, படம் நடுங்கவில்லை. கடைசி எண் வரை வாய்விட்டுப் படித்தார்.

"பூட்டின கடையில மீட்டர் ஓடுது பாருங்க. எவனோ இதுலருந்து கொக்கி போட்டுக் கரண்டு திருடுறான்."

கடைக்காரர் சிரித்தார். அவன்கூடச் சிரித்தான். எட்டு மாதத்தில் மாமனார் முகத்தில் அப்படி ஒரு களையை அவன் பார்த்ததில்லை. இதோடு முடிந்தால் போதும், பெட்டியைக் கட்டச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடலாம் என்று நினைத்தான்.

பழையதைக் கொடுத்தால் கொஞ்சம் கழித்துக்கொள்வதாகக் கடைக்காரர் சொல்லியிருந்தார். மாமனார் பையைத் திறந்து அவளுடைய கேமராவை மேஜைமேல் வைத்தார். அவன் கையை நீட்டுவதற்குள் கடைக்காரர் அதைத் திருப்பி, அடிமூடியை நகத்தால் நெம்பினார். நகம் அளவு நீலக் கார்டு துள்ளி வெளியே வந்தது.

"கார்டு உள்ளயே இருக்கே."

"அதை இப்படிக் குடுங்க" என்றான் அவன். குரல் கொஞ்சம் உரக்க வந்துவிட்டது.

மாமனார் திரும்பிப் பார்த்தார். "அவ எடுத்ததெல்லாம் இதுல இருக்குமே மாப்ள. நான் ஒண்ணுகூடப் பாத்ததில்ல."

வீட்டில் போய்ப் பெரிய திரையில் நிதானமாகப் பார்க்கலாம் என்றான். பஸ்ஸுக்கு நேரமாகிறது, இன்னும் துணி எடுத்து வைக்கவில்லை என்று ஏதேதோ சொன்னான். அதற்குள் கடைக்காரர் கார்டைப் புதுக் கேமராவில் சொருகிவிட்டார். பழையதில் எடுத்ததையும் புதியதில் எடுத்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும் என்பது அவர் கட்சி. வியாபாரம் அவருக்கு.

கடைசியாக எடுத்த படம் முதலில் வந்தது. ஜன்னல் கம்பியில் ஒரு மைனா, கொஞ்சம் கலங்கலாக. வலது மூலையில் ஆரஞ்சு நிறத்தில் 16-07.

"பதினாறு" என்றார் மாமனார். "புதன்கிழமை. ஜுரம் வர்றதுக்கு மொத நாள்கூட எடுத்திருக்கா பாருங்க." விரலால் திரையைத் தொடப்போய், அழுக்காகிவிடும் என்று இழுத்துக்கொண்டார். "அடுத்தது போடுங்க."

"மாமா, போதும்."

"ஒண்ணே ஒண்ணு மாப்ள."

அடுத்தது 15-07. கட்டிலில் படுத்தபடி எடுத்தது. வாசற்கதவு, கதவில் ஒருவனின் முதுகு, தோளில் சாப்பாட்டுப் பை. இந்தப் படம் இருப்பது அவனுக்கே தெரியாது. வேலைக்குப் போகிறவனைப் பின்னாலிருந்து எடுத்திருக்கிறாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

"நீங்கதான்" என்றார் மாமனார். குறும்பாகக்கூடச் சொன்னார். "முதுகைப் போய் எடுத்திருக்கா."

கடைக்காரரின் கட்டைவிரல் பொத்தானின் மேல் இருந்தது. அது அழுந்துவதை அவன் பார்த்தான்.

ஒரு உள்ளங்கை. அதில் தெர்மாமீட்டர். 103.4. மூலையில் 14-07.

எல்லாம் தெளிவாக விழுந்திருந்தது. அவள் சொன்னது சரிதான்.

மாமனார் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். குனிந்தார். எண்ணையும் தேதியையும், மறுபடி எண்ணையும் பார்த்தார். அவர் உதடு அசைந்தது. வெளியே ஏதோ வண்டி விடாமல் ஹாரன் அடித்துவிட்டு ஓய்ந்தது.

"பதினாலு திங்கக்கிழமையில்ல?"

கடைக்காரர் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். எதுவும் புரியாவிட்டாலும் ஏதோ சரியில்லை என்று தெரிந்துகொண்டார். நல்ல மனுஷன். உதவத்தான் செய்தார்.

"பழைய மாடல்ல தேதியை நம்பக் கூடாது சார். பேட்டரி இறங்கினா தாறுமாறா ஓடிரும். தினம் ரெண்டு கேமராவாவது இப்படி வருது."

மாமனார் கண்ணாடியைக் கழற்றினார். முகத்திலிருந்து பெரிய பாரம் இறங்கியது போல இருந்தது. அவனைப் பார்த்து, கெஞ்சுகிற குரலில் கேட்டார்.

"அப்படித்தான் இருக்கும், இல்ல மாப்ள?"

ஒரு 'ஆமாம்' போதும். தலையை ஆட்டினால்கூடப் போதும். பெட்டியைக் கட்டிக்கொண்டு போகலாம். காட்டைப் பார்க்கலாம். திங்கட்கிழமை விசாரணையில் அவன் வாயே திறக்க வேண்டாம், கையெழுத்துப் பேசிக்கொள்ளும். அந்த டாக்டருக்கு அவன் மனைவியின் வயதுதான் இருக்கும். சனிக்கிழமை காலையில் தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, நேற்றைக்கு முன்தினம்தான் ஜுரமா, நிச்சயமாகத் தெரியுமா என்று அவனிடம் இரண்டாம் முறை கேட்டவள் அவள்தான். அப்போதும் ஆமாம் என்றுதான் சொன்னான்.

"இல்ல மாமா" என்றான். "தேதி சரிதான்."

"என்ன சரி?"

"திங்கக்கிழமையே ஜுரம். உங்க முன்னாடி சொல்லப் பயந்துக்கிட்டு நேத்துலருந்துன்னு சொன்னேன். டாக்டர்கிட்டயும் அதையேதான் சொன்னேன். அவங்க மறுபடி கேட்டப்பவும்."

கடைக்காரர், பேட்டரி எடுத்து வருகிறேன் என்று யாருக்கோ சொல்வதுபோல முனகிவிட்டு உள்ளே போனார்.

மாமனார் கையை மேஜைமேல் வைத்து விரல் விட்டு எண்ணினார். திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. ஐந்து விரலும் தீர்ந்தன. விரித்த கையை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். அடிப்பார் என்று அவன் நினைத்தான். அடித்தால் தேவலை என்றும் நினைத்தான். அவர் கையை மடக்கி மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டார்.

"நாலு பக்கம் எழுதினேன்" என்றார். "ராத்திரியெல்லாம் உக்காந்து எழுதினேன். நீ பக்கத்துலயே இருந்த. எனக்கு டீ போட்டுக் குடுத்த."

அவன் மேஜைமேல் திறந்து கிடந்த பழைய கேமராவின் அடிமூடியை மூடினான்.

"திங்கக்கிழமை நீ வர்ற. தப்பு யாரு மேலன்னு நீ உன் வாயால சொல்ற. அந்த டாக்டர் பொண்ணு முன்னாடி."

"சரி மாமா."

கடைக்காரர் பேட்டரியோடு வந்தார். எது வேண்டும் என்று கேட்கத் தயங்கி நின்றார். முப்பது மடங்கையே கட்டச் சொன்னார் மாமனார். புதுக் கேமராவில் இன்றைய தேதி இன்னும் வைக்கவில்லை. அதை வீட்டில் போய் வைத்துக்கொள்ளலாம், பயணத்துக்கு அது அவசியமில்லை என்றார் கடைக்காரர்.

"இல்ல, இப்பவே வைங்க. படத்து மேலயும் விழணும்."

கார்டை வெளியே எடுக்க வேண்டாம், அதிலேயே இருக்கட்டும் என்றும் சொன்னார். பழைய கேமராவைக் கடைக்காரர் உள்ளே தள்ளப்போனபோது அவன் எடுத்துக்கொண்டான். கழிவு எதுவும் வேண்டாம், இது தன்னிடமே இருக்கட்டும் என்றான்.

வாசற்படியில் மாமனார் முன்னால் போய்க்கொண்டிருந்தார். அவனால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"மாமா, நாளைக்கு நான்…"

"அவ ரெண்டு இடம் போட்டா" என்றார் திரும்பாமலே. "ரெண்டு பேரும் போகணும். ஜீப்புல டிரைவர் பக்கத்துல நீ உக்காரு. நான் பின்னால இருந்துக்கிறேன். என்கிட்ட எதுவும் பேசாத."

பஸ் நிறுத்தத்தில் அவர் ஒரு கோடியில் நின்றார், அவன் மறுகோடியில். அவர் கேமராவை எடுத்து அந்தப் படத்தை மறுபடி வரவழைத்து வைத்திருந்தார். பொத்தானை அழுத்தி அழுத்திப் பெரிதாக்கினார். எண்ணைத்தான் பார்க்கிறார் என்று நினைத்தான். கூட்டம் நெருக்கியதில் பக்கத்தில் போக வேண்டியதாயிற்று. தெர்மாமீட்டர் திரைக்கு வெளியே போயிருந்தது. திரை முழுக்க அவள் உள்ளங்கை ரேகைதான் இருந்தது.

பஸ் வந்தது. மாமனார் முன்வாசலில் ஏறினார். அவன் பின்வாசலுக்கு ஓடினான்.