நாயர் கடையில் மூன்று இலை

பஞ்சாயத்து மதியத்துக்குள் முடிந்துவிட்டது. செல்லியம்மாளும் கோபால்சாமியும் ஒன்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்தது இனி இல்லை என்று சொல்லிவிட்டு ஊர்ப் பெரியவர்கள் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்கள். இழுபறி ஒன்றும் இல்லை. கேட்டது அவள், சரி என்றது அவன். ஏழு வயசு வடிவு அப்பனோடு இருக்கட்டும் என்றார்கள். அதற்கும் இரண்டு பேரும் சரி என்றார்கள்.

ஆலங்காயத்தில் இருக்கிற அண்ணன் வேடியப்பன் வீட்டுக்கு அவள் போக வேண்டும். ஜமுனாமரத்தூரிலிருந்து சாயங்காலம் ஆறு மணிக்கு பஸ். கோபால்சாமி அவள் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். வடிவு நடுவில். சந்தைக்குப் போகிற குடும்பம் என்றுதான் வழியில் பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. "பாப்பா காலைலேர்ந்து ஒண்ணும் துன்னல. நாயர் கடையில துன்னுட்டுப் போலாம்" என்றான், அவளைப் பார்க்காமல்.

ரோடு போட வந்த கூட்டத்தோடு மலையேறி, அப்படியே தங்கிவிட்டவர் நாயர். அவர் கடைக்கு எதிரே எத்தனையோ சந்தை நாள் அவள் பஸ்ஸுக்குக் காத்து நின்றிருக்கிறாள். உள்ளே போனதில்லை. வாசலிலேயே தேங்காயெண்ணெய் வாசனை முகத்தில் அடித்தது.

நாயர் மூன்று இலை போட்டார். "குடும்பமாயிட்டு வந்திருக்கு! நல்லது. நீங்களும் மலையாளி, ஞானும் மலையாளி. அப்போ சொந்தக்காரங்க அல்லே?"

இந்த மலைச் சனங்களின் சாதிக்கும் மலையாளி என்றே பேர். வருகிற எல்லாரிடமும் நாயர் இதைச் சொல்லுவார் போல. வடிவு சிரித்தாள். கோபால்சாமி தலையை ஆட்டினான். செல்லியம்மாள் இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தாள்.

சோறு தடித் தடியாக, சிவப்பாக இருந்தது. செக்கச்செவேலென்று மீன் குழம்பு. உப்பிப்போன பப்படம். குடிக்கச் சீரகம் போட்ட சுடுதண்ணீர்.

"இன்னாம்மா இது, காய்ச்சல்காரங்களுக்குத் தர்ற தண்ணி" என்றாள் வடிவு.

கோபால்சாமியின் கை சோற்றிலேயே நின்றது. இரண்டு வருஷத்துக்கு முந்தின மாசியில், வடிவின் தம்பி, ஐந்து மாதப் பிள்ளை, காய்ச்சலில்தான் போனான். துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வருவதற்குள் முடிந்துவிட்டது. யார் மேலும் குற்றமில்லை. அதற்கப்புறம் அவன் அடித்ததில்லை, திட்டியதில்லை, பேசவும் இல்லை. அவளும் பேசவில்லை. களி கிண்டி வைத்தாள். அவன் தின்றுவிட்டுச் சாமைக் கொல்லைக்குப் போனான். ஒரு நாள் அவளே, "நான் போறேன்" என்றாள். "செரி" என்றான்.

அழுகை வருமோ என்று செல்லியம்மாள் காத்திருந்தாள். வரவில்லை. பசிதான் எடுத்தது. மீனைப் பிட்டு, முள்ளை எடுத்து, வடிவின் இலையில் வைத்துக்கொண்டே தானும் தின்றாள். குழம்பின் புளிப்பு வேறு மாதிரி இருந்தது. அவர்கள் மரத்துப் புளி இல்லை, புகை வாடை அடிக்கிற ஏதோ புளி. மறுபடியும் சோறு வாங்கினாள்.

"கொழம்பு போதுமா?" என்று கோபால்சாமி கேட்டான்.

"போதும்." அதோடு எப்போதும் வருகிற 'ங்க' இந்தத் தடவை வரவில்லை. இனி அவனை எப்படிக் கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"நாளைக்கும் மூணு பேரும் இங்கியே துன்னலாமா?" என்றாள் வடிவு.

சொல்லாமலே பஸ் ஏறிவிடுவது என்றுதான் செல்லியம்மாள் வழியெல்லாம் நினைத்து வந்தாள். வாய் தானாகத் திறந்தது.

"நாளைக்கு நான் இருக்க மாட்டேன் பாப்பா. மாமன் வூட்டுக்குப் போறேன்."

"எப்ப வருவே?"

"வர மாட்டேன். நீ அப்பாவோட இருப்பே. லீவு வுட்டா அங்க வா." சொல்லிவிட்டு அவனைப் பார்த்தாள்.

"இட்டாறேன்" என்றான் அவன். பிள்ளையைக் கூட்டி வருவது பஞ்சாயத்தில் பேச்சிலேயே இல்லை.

வடிவு கொஞ்ச நேரம் விரலை நக்கிக்கொண்டிருந்தாள். "தம்பி செத்துட்டதுக்கா?"

பக்கத்து மேசையில் யாரோ தம்ளரை வைத்தார்கள். வீட்டில் இரண்டு வருஷமாக யாரும் வாய்விட்டுச் சொல்லாத சொல்.

"ஆமா" என்றான் கோபால்சாமி.

"ஆமா" என்றாள் அவளும்.

வடிவு இன்னொரு பப்படம் வேண்டும் என்றாள். நாயர் கொண்டுவந்து போட்டார்.

பஸ் வந்ததும் மூட்டையை அவனே ஏற்றினான். "ஜன்னலாண்ட குந்து. வளைவுல வாந்தி வரும்."

"செரி."

வடிவு அப்பனின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு கையாட்டினாள். செல்லியம்மாளும் ஆட்டினாள். பஸ் திரும்பியது. அழுகை இப்போது வரும், இப்போது வரும் என்று முந்தானையைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். காவலூர் வருவதற்குள் தூங்கிப்போனாள்.

கண்டக்டர் தோளைத் தட்டி, "யம்மா, ஆலங்காயம், எறங்கு" என்றபோதுதான் விழித்தாள். கீழே அண்ணன் நின்றிருந்தான். மூட்டையை வாங்கிக்கொண்டான்.

"துன்னியா?" என்றான்.

"ம், துன்னேன்" என்றாள்.