ஒற்றைக் கதவு

எச்.ஐ.வி. அந்த வீட்டுக்கு வந்தபோது கையில் ஒரு மஞ்சள் பை வைத்திருந்தார். லாரியிலிருந்து டிரைவர் நல்லமுத்து இறங்கினார், அவர் பின்னாலேயே இவரும் இறங்கினார். புது கிளீனர் போலிருக்கிறது என்று நினைத்த நல்லமுத்துவின் மனைவி செங்கமலம், "வாங்க" என்று சொல்லிச் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். பகையாளியே வந்து நின்றாலும் அந்தப் பக்கத்தில் "வாங்க" சொல்லாமல் இருக்க மாட்டார்கள். சொல்லாதவள் நல்ல குடும்பத்துப் பெண் இல்லை.

எல்லோருக்கும் போல நல்லமுத்துவுக்கும் மார்பில் இரட்டைக் கதவு இருந்தது. ஒரு கதவு அம்மா கொடுப்பது, இன்னொன்று அப்பா கொடுப்பது. வந்தவர் அந்தக் கதவு வழியாக உள்ளே குடியேறி வெகுநாள் ஆகியிருந்தது. சாயங்காலங்களில் கதவைத் திறந்து வெளியே வந்து காற்று வாங்குவார். பிறகு செங்கமலத்தைச் சுற்றிச் சுற்றி வருவார்.

"ஏனுங்க அம்முணி, உங்க கதவு எங்கீங்க இருக்குது?"

"இல்லீங்க."

"இல்லாம எப்பிடீங்க?"

"பொறக்கறப்பவே இல்லீங்க."

அவர் தடவிப் பார்த்தார். மார்பு முழுக்கச் சுவர்தான். நல்ல பூச்சுவேலை, ஒரு கீறல்கூட இல்லை. அவருக்கு முகம் வாடிவிட்டது. திரும்பி நல்லமுத்துவுக்குள்ளேயே போய்ப் படுத்துக்கொண்டார்.

நல்லமுத்து மெலிந்துகொண்டே வந்தார். ஒரு நாள் காலையில் கட்டிலில் சட்டை மட்டும்தான் கிடந்தது. சட்டையையே பாடையில் வைத்துக் கொண்டுபோய் எரித்தார்கள். செங்கமலம் நெஞ்சே வெடித்துவிடும்போல அழுதாள். என்ன இருந்தாலும் அவள் ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்ட மனிதர்.

பெரியாஸ்பத்திரியில் டாக்டர் கொத்தனாரைப் போல ஒரு மட்டப்பலகையை அவள் மார்பில் வைத்துப் பார்த்தார். இப்படி இருப்பவர்கள் உண்டு, ஆனால் அபூர்வம் என்றார். அவள் அம்மாவும் கதவு கொடுக்கவில்லை, அப்பாவும் கொடுக்கவில்லை. அதனால் எச்.ஐ.வி. இவளைச் சுற்றி வரலாமே தவிர உள்ளே போக முடியாது. பிறகு, தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்ற மகள் சுகந்தியையும் தட்டிப் பார்த்தார். ஒரு பக்கம் தட்டியபோது சுவர்ச் சத்தம் வந்தது. மறு பக்கம் தட்டியபோது பலகைச் சத்தம் வந்தது.

"பாதி உங்களோடது, சுவர். பாதி அவங்க அப்பாவோடது, கதவு. உள்ள போறது சிரமம்தான். ஆனா போயிடலாம்" என்றார்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரம் திரும்பும்போது நீண்டுவிட்டது. தாயும் மகளும் நடந்துகொண்டே இருந்தார்கள். வாசலுக்கு வந்து சேர்ந்தபோது சுகந்திக்குக் கல்யாண வயது ஆகியிருந்தது.

வீட்டில் உறவெல்லாம் கூடியிருந்தது. நல்லமுத்துவின் அக்கா தெய்வாத்தாள் நடுவில் உட்கார்ந்திருந்தாள். புருஷனுக்கு வந்தது பெண்டாட்டிக்கு வரவில்லை என்றால் அவள் என்ன பெண்டாட்டி என்று கேட்டாள். நியாயம்தானே என்று எல்லோரும் தலையாட்டினார்கள். கல்யாணப் போட்டோவில் செங்கமலம் நின்ற இடத்தை ஒருவர் சிமெண்டு வைத்துப் பூசினார். பூசியவர் அவளிடமே தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். மகளுக்கு ஒன்றும் வராமல் இருந்தால் போதும் என்று நினைத்தபடி அவள் சொம்பைக் கழுவி வைத்தாள்.

சுகந்திக்கு மாப்பிள்ளை கொண்டுவந்ததும் தெய்வாத்தாள்தான். பெண் பார்க்க வந்தவர்கள் பாயில் வரிசையாக உட்கார்ந்தார்கள். பையன் தங்கமானவன், பேச்சில் அத்தனை பணிவு. சட்டைதான் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது. அவனை ஒட்டி, மடியில் மஞ்சள் பையோடு அவர் உட்கார்ந்திருந்தார். பையனுக்கு அவர் யாரென்று தெரியவில்லை. பெண் வீட்டுக்காரர் என்று நினைத்து அவருக்கு இடம் விட்டிருந்தான்.

செங்கமலம் அவரைக் கைநீட்டிக் காட்டினாள்.

"இவருதானுங்க. எம்பட வீட்டுக்காரரத் தின்னவரு இவருதான்."

தெய்வாத்தாள் நிதானமாகத் திரும்பினாள்.

"உனக்குள்ள வராத ஆளோட மூஞ்சி உனக்கெப்பிடித் தெரியும்?"

கூட்டம் செங்கமலத்தைப் பார்த்தது. மஞ்சள் பைக்காரர் மட்டும் அனுதாபமாக உச்சுக் கொட்டினார். ரெண்டு பேருக்கும் ரத்தம் பார்த்துவிடலாம், பிறகு பேசலாம் என்று அவள் கெஞ்சினாள். ஜாதகம் பார்த்தாகிவிட்டது, ரத்தத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்று பையனின் அம்மா மூஞ்சியைச் சுளித்தாள்.

செங்கமலம் சமையலறை வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். சுவர் கெட்டியான சுவர்தான். ஆனால் அவள் அகலத்துக்குத்தான் இருந்தது. காப்பித் தட்டோடு வந்த சுகந்தி, அம்மாவின் பக்கவாட்டில் புகுந்து கூடத்துக்குப் போனாள். பேச்சு வந்த நாளிலிருந்து அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்றுதான். யார் வந்தாலும் முகம் பார்த்து, சிரித்து, சொல்ல வேண்டும். பையனின் அம்மாவிடம் சொன்னாள். பையனிடம் சொன்னாள். செங்கமலம் ஓடிப்போய் மகளின் வாயைப் பொத்துவதற்குள் மஞ்சள் பைக்காரரிடமும் சொல்லிவிட்டாள்.

"வாங்க."

அச்சு அசல் செங்கமலத்தின் குரல்.

"ஒண்ணும் அவசரமில்ல கண்ணு, மெதுவா வாறேன்" என்று அவர் எழுந்தார். முதலில் சுகந்தியின் ஒற்றைக் கதவுக்குள் பையை நுழைத்தார். பிறகு ஒருக்களித்து, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, வலது காலை எடுத்து வைத்தார். சுகந்தி தட்டு ஆடாமல் நின்றாள்.

பெண்ணை நன்றாக வளர்த்திருக்கிறாய் என்று தெய்வாத்தாள் அன்றுதான் முதன்முதலாகச் செங்கமலத்தைப் பாராட்டினாள்.