பிறை சுமந்த கார்

புஸ்ஸென்று சீறிய சத்தத்தில், முன்னால் பைத்துப் பாடிக்கொண்டு நடந்தவர்கள் பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கமாக ஓடினார்கள். மாப்பிள்ளைக் காரின் முகப்பிலிருந்து ஆவி குபுகுபுவென்று கிளம்பியது. பின் ஸீட்டில் கழுத்து நிறைய மாலையும் முகம் மூடிய மல்லிகைச் சரமுமாக உட்கார்ந்திருந்த சீனி முகம்மதுவுக்கு ஒன்றும் தெரியவில்லை. எதுவோ வெடித்துவிட்டது, அவ்வளவுதான் புரிந்தது.

டிரைவர் வாசு வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் குதித்து இறங்கினான். மச்சான் நூர் முகம்மது, அதாவது சீனியின் அக்காள் புருஷன், ஊர்வலத்தின் தலைமாட்டிலிருந்து பதறிக்கொண்டு ஓடி வந்தார். வந்தவர் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. காரின் நெற்றியில் தாம் கட்டியிருந்த பிறையும் நட்சத்திரமும் நனைந்துவிட்டதா என்றுதான் பார்த்தார். அட்டையை வெட்டி, வெள்ளிக் காகிதம் ஒட்டி, ஓரமெல்லாம் ஜிகினா வைத்து அவரே செய்தது. காரின் முகப்பை ஒரு விளிம்பு விடாமல் அடைத்துக்கொண்டு நின்றது அது. இடுக்கு தெரிந்த இடங்களிலும் நாலைந்து பூமாலைகளைத் தொங்கவிட்டிருந்தார்.

"என்னடா வாசு, கல்யாண வண்டியில கஞ்சி காய்ச்சுறியா?" என்றார்.

வாசு குனிந்து ஆவி வந்த இடத்தைப் பார்த்தான். அவன் பினாங்கில் வாடகைக் கார் ஓட்டுகிறவர்களில் தண்ணீர் விஷயத்தில் பைத்தியம் என்று பெயரெடுத்தவன். ரேடியேட்டருக்குக் கிணற்றுத் தண்ணீர் விடமாட்டான், உள்ளே சுண்ணாம்பு பிடித்துவிடுமாம். கூரையிலிருந்து விழும் மழைத் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து, துணியில் வடிகட்டி ஊற்றுவான். வாரம் தவறாமல் பழைய தண்ணீரைத் திறந்துவிட்டுப் புதிது நிரப்புவான். இன்று காலையிலும் ரப்பர்க் குழாயைக் கையால் அமுக்கிப் பார்த்து, விசிறியின் வாரை இழுத்துப் பார்த்துத்தான் வண்டியை எடுத்திருந்தான். அப்படியிருந்தும் கொதித்துவிட்டது.

மூடியைத் திறக்கப் போன மச்சானின் கையை வாசு தட்டிவிட்டான். இப்போது திறந்தால் வெந்நீர் முகத்தில் பீய்ச்சி அடிக்கும் என்றான். ஆறும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். சுட்ட இரும்பில் பச்சைத் தண்ணீரை மொத்தமாக ஊற்றினால் எஞ்சின் விரிசல் விட்டுவிடும், அப்புறம் காரைக் கயிறு கட்டித்தான் இழுக்கவேண்டும்.

காத்திருப்பதா? சீனி மல்லிகைச் சரத்தின் இடுக்கு வழியே வெயிலைப் பார்த்தான்.

ஆயர் ஈத்தாமில் பெண் வீட்டில், பிற்பகல் அஸர் தொழுகை முடிந்த கையோடு நிக்காஹ். நிக்காஹ் ஓதிவைக்கும் காஜியாருக்கு ஜெலுத்தோங்கில் இன்னொரு நிக்காஹ் இருக்கிறது. பொழுது அடைந்து மஃரிபு தொழுகைக்கு முன்னால் அங்கே போய்ச் சேரவேண்டும். தாமதமானால் காத்திருக்கமாட்டேன் என்று சொல்லித்தான் ஒப்புக்கொண்டிருந்தார். காஜியார் போனால் போகட்டும், நாளைக்கு வரச் சொல்லலாம் என்று விட முடியாது. பெண்ணின் வாப்பா ஷேக் அலாவுதீன் அப்படிப்பட்டவர். போன வருஷம் இதே பெண்ணின் நிச்சயத்துக்கு வந்த ஒரு மாப்பிள்ளை வீட்டார் லேட்டாக வந்தார்கள் என்பதற்காக வாசலோடு திருப்பி அனுப்பியவர். சூலியா தெரு முழுக்கத் தெரிந்த கதை அது.

அவர்கூடப் பரவாயில்லை. மணப்பெண் சலேஹாவின் மனசு என்ன என்பதுதான் சீனிக்குப் பிடிபடவில்லை. ஒரு தடவை, தன் பீங்கான் கடைக்கு அவள் தாயோடு வந்தபோது பார்த்திருக்கிறான். ஒரு மங்குத் தட்டு வாங்கிக்கொண்டு போனாள். அன்றிலிருந்து அவனுக்கு வியாபாரத்தில் புத்தி நிற்கவில்லை. பெண்ணுக்குச் சம்மதம்தானா என்று தன் அக்காளை, ராத்தாவை விட்டுக் கேட்கச் சொன்னான். "தலையாட்டுச்சு" என்று பதில் வந்தது. எந்தப் பக்கமாக ஆட்டினாள் என்று யாரும் சொல்லவில்லை. போன வருஷத்து மாப்பிள்ளைக்கும் இப்படித்தான் ஆட்டினாளோ என்னவோ.

ஆவி அடங்கியதும் வாசு கோணிச் சாக்கை நனைத்து மூடியின்மேல் போட்டு, மெல்லத் திருகித் திறந்தான். தண்ணீர் பாதிக்குமேல் போயிருந்தது. தாம்பாளத்தில் இருந்த பன்னீர்ச் செம்பை மச்சான் எடுத்து நீட்டினார். வேண்டாமென்று கையைக் காட்டிவிட்டு வாசு எதிர்வீட்டுக்கு ஓடினான். அந்த வீட்டு மலாய்க்காரப் பெண் ரொஸ்னா, தாழியில் பிடித்து வைத்திருந்த மழைத் தண்ணீரை ஒரு வாளி மொண்டு கொடுத்துவிட்டு, "கல்யாணத்துக்கு லேட்டாகுதுலா, சீக்கிரம் போங்க" என்று அரைகுறைத் தமிழில் விரட்டினாள். எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, வாசு தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினான்.

மறுபடி பைத்து எழுந்தது, ஊர்வலம் நகர்ந்தது. நத்தைகூட முந்திவிடும் போலிருந்தது. பாடுகிறவர்கள் அடிமேல் அடி வைத்தார்கள், கார் அவர்கள் பின்னால் ஊர்ந்தது. இரண்டு பாட்டு முடியவில்லை, மறுபடி புஸ்.

மச்சானுக்குக் கோபம் வந்துவிட்டது. ஓட்டை வண்டியைத் தலையில் கட்டிவிட்டதாக வாசுவைப் பிடித்துக்கொண்டார். வாசுவும் இந்த முறை சும்மா இருக்கவில்லை. அவர் கல்யாணம் கட்டுவதற்கு முன்பிருந்தே தான் வண்டி ஓட்டுவதாகச் சொன்னான். இருவரும் நடுரோட்டில் நின்று கத்திக்கொண்டிருக்க, தூரத்துப் பள்ளிவாசலில் அஸருக்கு பாங்கு சொன்னார்கள்.

சீனிக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. காற்றில்லை. விட்ட மூச்சே திரும்பி முகத்தில் அனலாக அடித்தது. சம்பிரதாயம் கிடக்கட்டும் என்று முகத்து மல்லிகைச் சரத்தை இரண்டு கையாலும் விலக்கித் தலைக்குமேல் தூக்கிப் போட்டான். சில்லென்று காற்று பட்டது. நெற்றி வியர்வை குளிர்ந்து, உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

தூக்கிப் போட்ட சரத்தைத் தொட்டுப் பார்த்தான். பிறகு கதவைத் திறந்துகொண்டு இறங்கி, காரின் முன்னால் போய் நின்று அதன் முகத்தைப் பார்த்தான்.

"வாசு அண்ணே, இதுக்கும் மூச்சு முட்டுது" என்றான்.

வாசு ஓடி வந்து முகப்பைப் பார்த்தான். பிறகு தலையில் அடித்துக்கொண்டான். ரேடியேட்டருக்குள் காற்று போனால்தானே தண்ணீர் ஆறும்? காலையில் அலங்காரம் கட்டும்போது பக்கத்திலேயே நின்று நூல் பிடித்துக் கொடுத்தவன் அவன்தான். அவன் எண்ணமெல்லாம் தண்ணீரிலேயே இருந்தது, காற்றை மறந்துவிட்டான். மூடியின்மேல் சூடு காட்டும் கண்ணாடி ஒன்று உண்டு. அதையும் பிறை மறைத்துவிட்டதால், ஓட்டும்போது சிவப்பு ஏறியது அவன் கண்ணில் படவில்லை. போதாக்குறைக்கு இந்த ஊர்வல நடை. வண்டி வேகமாகப் போனாலாவது எதிர்காற்று கொஞ்சம் புகுந்திருக்கும்.

மச்சானிடம் எப்படிச் சொல்வது? சீனிதான் சொன்னான். பிறை ரொம்ப அழகு, அதைக் காரின் முன்னால் வைத்தால் பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியாது, கையில் உயர்த்திப் பிடித்தால் ஊரே பார்க்கும் என்றான். மச்சான் அவனை ஏற இறங்கப் பார்த்தார். ஏமாறவில்லை. ஆனாலும் முடிச்சை அவரே அவிழ்த்தார்.

முகப்பு வெறிச்சென்று ஆனதும் வாசு ஆறவிட்டு, தண்ணீர் நிரப்பி, வண்டியைக் கிளப்பினான். பாடகர்களில் இரண்டு பேர் காரின் இரண்டு பக்கப் படியிலும் தொற்றிக்கொண்டார்கள். மற்றவர்களும் மச்சானும் டிராமைப் பிடித்தார்கள். கார் பறந்தது. படியில் நின்ற இருவரும் தொப்பியை ஒரு கையால் அழுத்திக்கொண்டு காற்றோடு போட்டி போட்டுப் பாடினார்கள். மூடிமேல் கண்ணாடியில் சிவப்புக் கோடு இறங்கியதை வாசு விரலால் காட்டினான். சீனி சாய்ந்து உட்கார்ந்து, வாய்விட்டுச் சிரித்தான். கொஞ்ச தூரத்தில் டிராமைத் தாண்டும்போது, அதன் ஜன்னலுக்கு வெளியே ஒரு வெள்ளிப் பிறை தனியாக ஆடிக்கொண்டு வந்தது.

பெண் வீட்டு வாசலில் இறங்கியபோது சிரிப்பு நின்றுவிட்டது. தொழுகை முடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது. காஜியார் போயிருப்பார் என்றே நினைத்தான்.

போகவில்லை. ஜிப்பாவும் தலைப்பாகையுமாக, வெறுங்காலோடு, வாசலில் குனிந்து குனிந்து தேடிக்கொண்டிருந்தார். புதுச் செருப்பாம். புறப்படலாமென்று பார்த்தால் காணோம். தம் வீட்டுக்கு வந்த காஜியார் செருப்பைப் பறிகொடுத்து வெறுங்காலோடு போவதா என்று ஷேக் அலாவுதீன் மானம் போன மாதிரி துடித்து, அவரை விடாமல் பிடித்து வைத்திருந்தார். பந்தலுக்கடியில் ஒரு கூட்டமே தேடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை லேட்டாக வந்ததைக் கேட்க யாருக்கும் நேரமில்லை.

"வந்ததுதான் வந்துட்டீங்க, உட்காருங்க. இதையாவது முடிச்சிட்டுப் போறேன்" என்றார் காஜியார்.

நிக்காஹ் ஓதியாயிற்று. துஆ முடிந்ததும் காஜியார் மறுபடி செருப்பைத் தேட வாசலில் இறங்கினார். சீனிக்குத் தோளிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. இன்னொரு மூட்டை மட்டும் நெஞ்சில் இருந்தது. முன்னாலேயே வந்திருந்த ராத்தா கையைப் பிடித்து அவனைப் பெண்ணின் அறைக்குள் விட்டுவிட்டு வெளியே போனாள்.

சலேஹா தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். என்ன பேசுவதென்று தெரியாமல், வழியில் கார் கொதித்துவிட்டது என்று சீனி தயங்கித் தயங்கி ஆரம்பித்தான். அவள் நிமிரவில்லை. வெளியே ஆள் நடமாட்டம் இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டு, மெல்லிய குரலில் சொன்னாள்:

"காஜியாரோட செருப்பு கோழிக் கூண்டுக்குள்ள இருக்கு. யாருக்கும் தெரியாம எடுத்துக் குடுத்துருங்க."