ஆபரேட்டர் வரட்டும்

ஆடி மாதக் கோயில் கொடைக்கு ஊருக்குப் போன நாகராஜ் ஆவணியிலும் வரவில்லை, புரட்டாசியிலும் வரவில்லை. அவன் ஓட்டிய ஓவர்லாக் மிஷினில் விஜயலட்சுமி உட்கார்ந்தாள். அதற்கு முன் அவள் தரையில் அமர்ந்து, தைத்து விழும் சின்னப் பிள்ளைகளின் கவுன்களில் பிசிர் வெட்டிக்கொண்டிருந்தாள். தாராவிப் பட்டறைகளில் பிசிர் வெட்டுகிறவருக்கு ஹெல்பர் என்று பெயர். மிஷின் ஓட்டுகிறவருக்கு ஆபரேட்டர் என்று பெயர்.

அவள் தரையிலிருந்து மிஷினுக்கு ஏறினாள். பெயர் மட்டும் தரையிலேயே கிடந்தது.

ஒருநாள், தாதரிலிருந்து வந்து சரக்கு எடுக்கிற சேட் பட்டறை மாடி ஏறி வந்தார். விஜயலட்சுமி பெடலை மிதித்துத் தைத்துக்கொண்டிருக்க, அவள் தலைக்கு மேலாகவே கேட்டார்.

"ஆபரேட்டர் கிதர் ஹை?"

ஊருக்குப் போயிருக்கிறான், வந்துவிடுவான் என்று முதலாளி வெயிலுமுத்து அண்ணாச்சி இந்தியில் சொன்னார். சேட் ஒரு கவுனின் ஓரத்தை இழுத்துப் பார்த்துவிட்டுத் தையல் பலம் என்று தலையாட்டினார். அவள் அப்போதுதான் முடித்துப் போட்ட கவுன் அது.

வீட்டுக்கு நடக்கிற வழியெல்லாம் அவளுக்கு எரிச்சல் அடங்கவில்லை. தெரு முக்கில் வெள்ளைச் சட்டையோடு நின்று பல் குத்திக்கொண்டிருந்த மாரீஸ்வரன் கேபிள் ஆபரேட்டர். அவன் ஒயரைத் தொட்டு யாரும் பார்த்ததில்லை. அம்மா சமையல் வேலைக்குப் போகிற செம்பூர் கட்டிடத்தில், முக்காலி போட்டு உட்கார்ந்து பொத்தானை அமுக்குகிறவர் லிஃப்ட் ஆபரேட்டர். போன மழைக்கு முன்னால் சந்தில் நீட்டிக் கட்டியிருந்த சுவர்களை இடிக்க வந்த ஜேசிபியிலும் ஒரு ஆபரேட்டர் இருந்தான். இடித்து முடித்ததும் போலீஸ்காரர் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். மிஷினை ஓட்டினால் ஆபரேட்டர், அவ்வளவுதானே? இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது?

அண்ணாச்சியின் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. ஆயுத பூஜையன்று ஒவ்வொரு மிஷினுக்கும் சந்தனமும் குங்குமமும் அதன் ஆபரேட்டர்தான் வைக்க வேண்டும். மறுநாள் காலையில் அதே கைதான் முதல் தையலும் போட வேண்டும். வேறு கை பட்டால் வருஷம் முழுக்க ஊசி முறியும் என்று அண்ணாச்சி நம்பினார்.

அந்த நாளுக்காக அவள் காத்திருந்தாள். மிஷினின் இடுக்குகளில் அடைந்திருந்த பஞ்சை பிரஷ்ஷால் எடுத்து, எண்ணெய் விட்டுத் துடைத்தாள். மாட்டுங்காவுக்குப் போய்ச் செவ்வந்திச் சரம் வாங்கி வந்து சுற்றினாள். குங்குமத் தட்டு ஒவ்வொரு மிஷினாக வந்தது. அவளிடம் வந்தபோது அண்ணாச்சி தட்டை அப்படியே தாண்டிக் கொண்டுபோனார்.

"இது நாகராசு மிஷின். ஆபரேட்டர் வந்து வைக்கட்டும்."

"நான்தான அண்ணாச்சி ஓட்டுதேன்?" குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

"நீ ஓட்டுத, யாரு இல்லங்கா? ஆனா ஆபரேட்டர்னா ஒரு இது இருக்குல்லா."

"அது என்ன இது அண்ணாச்சி, மீசையா?" என்று தரையிலிருந்து கேட்டாள் முருகம்மாள் அக்கா. அவளும் பிசிர் வெட்டுகிறவள்தான்.

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணாச்சியும் சிரித்தார். தட்டு திரும்பி வரவில்லை. பொரியும் சுண்டலும் மட்டும் விஜயலட்சுமிக்கு முதலில் வந்தன, இரண்டு கை நிறைய. அதைத் தூக்கி எறியத் தோன்றியது. முந்தானையில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் மதியம் சேட்டின் டெம்போ வருவதாக இருந்தது. தீபாவளிச் சரக்கை ஏற்றிப்போக. விஜயலட்சுமி நேரத்துக்கு வந்தாள். கத்தரியை எடுத்துக்கொண்டு முருகம்மாள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"ஏட்டி, அங்க என்னத்துக்கு உக்காருத? மிஷின்ல ஏறு."

"ஆபரேட்டர் வரட்டும் அண்ணாச்சி."

"விளையாடுதியா? டெம்போ வந்துரும்."

"வேற கை பட்டா ஊசி முறியும்னு நீங்கதான சொல்லுவிய?"

அண்ணாச்சிக்கு முகம் கறுத்தது. போனை எடுத்து நாகராஜைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார். பின்னால் ஏதோ பெரிய இரைச்சல்.

"மன்னிச்சுக்கிடுங்க அண்ணாச்சி. நான் இனி பம்பாய்க்கு வரல. இங்க மச்சான்கூட ஜேசிபி ஓட்டப் பழகுதேன். ஜேசிபி ஆபரேட்டராக்கும் இப்ப!"

"பழகும்போதே ஆபரேட்டராம்லா" என்றாள் முருகம்மாள்.

அண்ணாச்சி சாமி படத்தின் அடியிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்து வந்து நீட்டினார். "இந்தா, வை. இனி நீதான் ஆபரேட்டர். போதுமா? ஏறு."

இத்தனை நாள் ஆசைப்பட்டது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அந்த 'போதுமா'தான் குத்தியது. அவள் கையை நீட்டவில்லை.

"சேட் வந்து ஆபரேட்டர் எங்கன்னு கேட்டா என்ன சொல்லுவிய?"

"அவருட்ட எதுக்கு இதெல்லாம்? பொம்பளப் பிள்ள ஓட்டுதுன்னா ஒண்ணுக்குப் பத்து குறை சொல்லுவாரு."

அவள் அடுத்த கவுனை எடுத்துப் பிசிர் வெட்டத் தொடங்கினாள். அண்ணாச்சி மணியைப் பார்த்தார், வெட்டியும் தைக்காமல் குவிந்து கிடந்த துணியைப் பார்த்தார். கடைசியில் அவரே சேட்டுக்குப் போன் போட்டார். நாகராஜ் இனி வரமாட்டான் என்றார். விஜயலட்சுமிதான் ஆபரேட்டர், இத்தனை நாள் சரக்கும் அவள் தைத்ததுதான் என்றார். பெண்ணா என்று அந்தப் பக்கம் சேட் கேட்டார். "ஹாங் சேட், லட்கீ" என்று அண்ணாச்சி சங்கடமாகச் சொன்னார்.

விஜயலட்சுமி எழுந்தாள். நேற்றைய செவ்வந்தி வாடியிருந்தது. மிஷினுக்குப் பொட்டு வைத்தாள். உட்கார்ந்து துணியை வைத்து, இத்தனை நாள் கோபத்தையும் சேர்த்துப் பெடலை மிதித்தாள்.

டக்கென்று ஊசி முறிந்தது.

பக்கத்து மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அண்ணாச்சி வாயைத் திறப்பதற்குள் அவள் அவரைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"வேற ஊசி குடுங்க அண்ணாச்சி. நாகராசுக்கும் முறியத்தான செஞ்சுது?"