கம்பத்துச் சிவப்புத் துணி

ஷூவில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைக்க ஒரு துணி வேண்டியிருந்தது. மேலப்பாளையத்தில் ஒரு தெருவோர மின்கம்பத்தில் சிவப்பாக ஒன்று கட்டியிருந்தது. அவிழ்த்தேன், துடைத்தேன், மடித்து பைக் பெட்டிக்குள் போட்டேன். பிறகு ஒரு நிச்சயதார்த்த வீட்டுக்குப் பிரியாணி சாப்பிடப் போனேன். நான் செய்தது இவ்வளவுதான்.

அந்தத் துணி எதற்கென்று தெரியாத வழிப்போக்கன் செய்திருந்தால் மன்னிக்கலாம். நான் அந்தத் தெருவில் நடந்த சாக்கடை வேலைக்கு இன்ஜினியர். பாதாளச் சாக்கடையில் புதுக் குழாயைப் பழையதோடு சேர்க்கும்போது, மேலேயிருந்து வருகிற தண்ணீரை ஒரு மேன்ஹோலில் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்க வேண்டும். அதற்கு ரப்பரில் ஒரு அடைப்பான் உண்டு. குழாய்க்குள் விட்டுக் காற்றடித்தால் உப்பி, வாயை இறுக்கமாக அடைத்துக்கொள்ளும். நாங்கள் பலூன் என்போம். மூடியைப் போட்டுவிட்டால் உள்ளே பலூன் இருப்பது ஒருவருக்கும் தெரியாது. அதனால் எங்கள் மேஸ்திரி பூதத்தான் ஒரு பழக்கம் வைத்திருந்தார். பலூன் இறங்கியதும் பக்கத்துக் கம்பத்தில் சிவப்புத் துணி ஏறும். பலூனை வெளியே எடுத்த ஆள் மட்டும்தான் துணியை அவிழ்க்கலாம். எங்கள் வேலைக்கு அச்சடித்த விதிமுறைகள் தலையணை கனத்துக்கு இருக்கின்றன, யாரும் பிரித்ததில்லை. எல்லோரும் மதித்து நடந்த விதி இந்தத் துணி ஒன்றுதான். அதை வைத்து நான் ஷூ துடைத்தேன்.

என்னை விருந்துக்குக் கூப்பிட்டவர் அகமது மீரான் பாய். பஜாரில் கைலிக் கடை வைத்திருக்கிறார். அந்தத் தெருவில் முதல் ஆளாக சாக்கடை இணைப்பு வாங்கியவர் அவர். வாங்க வைத்தவன் நான். "செப்டிக் டேங்க மூடிருங்க பாய், இனி லாரிக்கு போன் போட வேண்டாம், நம்ம கழிவு ஆத்துக்கும் போவாது" என்று நான் பேசிய பேச்சில் டேங்கை மூடி அதன்மேல் ரோஜாத் தொட்டி வைத்துவிட்டார். அவர் வீட்டில் ஒரு சிக்கல் உண்டு. சாலையை ஒவ்வொரு முறை போடும்போதும் பழசைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு, தெரு உயர்ந்து, வீடு இரண்டு படி கீழே போய்விட்டது. கருவி வைத்து மட்டம் பார்த்தவனும் நான்தான். கீழே எங்காவது அடைத்தால் தண்ணீர் முதலில் ஏறுகிற வீடு அதுதான் என்று வரைபடத்தில் நானே வட்டம் போட்டிருந்தேன். வட்டம் அழகாக வந்திருந்தது.

அவர் மகள் முஃபீதாவுக்கு அன்று நிச்சயம். நர்சரிப் பள்ளியில் டீச்சர். மாப்பிள்ளை சுஹைல், கடையநல்லூர், துபாயில் வேலை. நான் போய் உட்கார்ந்த பிறகுதான் மாப்பிள்ளை வீட்டுக் கார்கள் வந்தன. ஆண்களுக்கு வெளியே பந்தலில் சாப்பாடு, பெண்களுக்கு உள்ளே ஹாலில். நாங்கள் சாப்பிடப் போனதும் பூதத்தானின் ஆட்கள் டீக்கடையிலிருந்து திரும்பியிருக்கிறார்கள். கம்பத்தைப் பார்த்திருக்கிறார்கள். துணி இல்லை. சாமானை வண்டியில் ஏற்றிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்கள்.

மறுசோறு வாங்கி, தயிர்ப் பச்சடிக்குக் கையை நீட்டியபோது உள்ளே பெண்கள் கத்தினார்கள். யாரோ விழுந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். வாசலில் போய் எட்டிப் பார்த்தால், குளியலறைப் பக்கமிருந்து கறுப்பாக ஒரு தண்ணீர் அவசரமே இல்லாமல் ஹாலுக்குள் வந்துகொண்டிருந்தது. புதுச் சமுக்காளத்தின் அடியில் புகுந்து, அதை மெல்லத் தூக்கியது. மாப்பிள்ளையின் உம்மா நஃபீஸத் பட்டுச்சேலையை முழங்கால்வரை பிடித்துக்கொண்டு நாற்காலி மேல் ஏறி நின்றார். தாம்பாளத்தில் கொண்டுவந்திருந்த வாழைப்பழமும் கற்கண்டும் தாம்பாளத்தோடே ஒரு மூலைக்கு மிதந்து போயின. நாற்றத்தைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. எனக்குச் சம்பளமே அதற்குத்தான்.

தெருவுக்கு ஓடி, பூதத்தானின் ஆட்களில் ஒருவனுக்கு போன் போட்டேன்.

"பலூன எடுத்தாச்சா?"

"துணி இல்லையே சார். எடுத்தாச்சுன்னுல்லா நெனைச்சோம்."

அப்போதுதான் பைக் பெட்டி ஞாபகம் வந்தது. பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி உடம்பு முழுக்க ஒரு மரப்பு பரவியது. வலிக்கும் என்று காத்திருந்தேன். வலிக்கவில்லை.

பூதத்தான் வந்து, மூடியைத் தூக்கி, மேலே நின்றபடியே காற்றைப் பிடுங்கிவிட்டார். பெரிய மனிதர் ஒருவர் தொண்டையைச் செருமுவதுபோல ஒரு சத்தம். தெருவின் தண்ணீர் எல்லாம் கீழே இறங்கிப் போனது. அதற்குள் கடையநல்லூர்க் கார்களும் போய்விட்டிருந்தன.

"துணிய எவம்லே அவுத்தான்?" என்று பூதத்தான் தன் ஆட்களைப் பார்த்துக் கத்தினார்.

"நான்தான் அண்ணாச்சி."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் ஷூவைப் பார்த்தார். பளபளவென்று இருந்தது.

"சரி, விடுங்க சார். நீங்க அவுக்கலைன்னா காத்து அவுத்திருக்கும்" என்றார்.

மறுநாள் அலுவலகத்தில் மேலதிகாரி வன்னியராஜிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ரிப்போர்ட் போயாச்சு வே, செந்தூரு. குழாய்ல துணி அடைப்பு, பொதுமக்கள் கழிவறையில துணி போட்டதே காரணம்."

"துணி உண்மைதான் சார். ஆனா அது என் பைக்குல இருக்கு."

"நல்லதாப் போச்சு. அங்கனயே இருக்கட்டும்."

மீரான் பாய் கடைக்குப் போனேன். அவர் முதலில் கேட்டது, "தம்பி, அன்னைக்கு நீங்க சாப்பிட்டு முடிச்சியளா, பாதியில எந்திரிச்சியளா?" என்றுதான். டீ வரவழைத்தார். கடையநல்லூரிலிருந்து தகவல் உண்டா என்று கேட்டேன்.

"யோசிச்சுச் சொல்லுதோம்னு சொல்லிருக்காவ. அல்லா நாடுனா நடக்கும்."

"பாய், அன்னைக்கு அந்தச் செகப்புத் துணிய நான்தான்..."

"அட, விடுங்க தம்பி. சர்க்கார் வேலைன்னா முன்னப்பின்ன ஆகத்தான் செய்யும். டீ ஆறுது பாருங்க."

நான் சர்க்கார் ஆள்கூட இல்லை; ஒப்பந்தக் கம்பெனியின் ஆள். அதையும் அவர் சொல்லவிடவில்லை. பிறகு போன நாட்களிலும் இதே கதைதான். நான் வாயைத் திறந்தால் டீ வரும். வடை வரும். ஒருநாள் அவர் மனைவி சித்தி ஜனாபா வீட்டிலிருந்து எனக்கென்று வட்டலப்பம் கொடுத்தனுப்பியிருந்தார். கரண்டியை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சாப்பிட்டேன். இனிப்பாக இருந்திருக்கும்.

நானே இந்த ஊருக்கு இப்படித்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது பைய உறைத்தது. எங்கள் தெருவில் எப்ப தோண்டுவீங்க? பாப்போம். தோண்டுனத எப்ப மூடுவீங்க? வேலை நடக்குது. மனிதர்களை நோகடிக்கக் கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன். என் பதில்களை வாங்கிக்கொண்டு அவர்கள் பள்ளத்துக்குக் குறுக்கே பலகை போட்டு நடந்தார்கள். இப்போது எல்லோரும் என்னை நோகடிக்காமல் பார்த்துக்கொள்கிறார்கள். வீட்டில் குக்கர் விசில் அடிக்கும், அணைக்க வேண்டும் என்று தோன்றும், அணைக்க மாட்டேன். அலுவலகத்தில் வழக்கமாக என் நகைச்சுவைக்காகவே பக்கத்தில் வந்து உட்காருகிற கலையரசி மேடம், "என்ன சார், வோல்டேஜ் கம்மியா?" என்று கேட்டார். சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

அன்றைய அவசரத்தில் பூதத்தான் மூடியைச் சரியாக உட்கார வைக்கவில்லை. ஆட்டோ ஏறினால் தடக் என்றது. மீரான் பாய் வீட்டு வாசலுக்கு நேரே. அதைப் பார்க்கும் சாக்கில் தினமும் அந்தத் தெருவுக்குப் போனேன். குத்துக்காலிட்டு உட்கார்ந்து மூடியை ஆட்டிப் பார்ப்பேன். ஆடும். எழுந்து வந்துவிடுவேன்.

ஒரு சாயங்காலம் அப்படி உட்கார்ந்திருக்கையில் ஆட்டோவிலிருந்து முஃபீதா இறங்கினாள். கக்கத்தில் சார்ட் பேப்பர் சுருள், தோளில் சாப்பாட்டுப் பை. அவளை நான் அருகில் பார்த்தது அதுதான் முதல் முறை. வீட்டுக்குள் போகப்போனவள் படியருகே நின்றாள்.

"சார், தெனமும் வந்து இந்த மூடியவே பாக்கீங்களே, என்ன அது?"

"ஆடுதும்மா. பாத்துட்டுப் போவலாம்னு."

"பாத்தா நின்னுருமா?"

இதற்கு என்னிடம் சாதாரணமாக மூன்று பதில் இருக்கும். மூன்றையும் விட்டுவிட்டேன்.

"கடையநல்லூர்ல என்ன சொன்னாவ?" என்று கேட்டேன்.

"வேண்டாம்னுட்டாவ. போன வாரமே."

நேற்றுகூட அவள் வாப்பா கையால் டீ குடித்திருந்தேன். "பாய் சொல்லலையே."

"சொல்ல மாட்டாவ. நீங்க சங்கடப்படுவியளாம்."

உள்ளேயிருந்து சித்தி ஜனாபா, "யாருகிட்டளா பேசுத?" என்றார். "இந்தா வாரேன் உம்மா" என்றாள். போகவில்லை. எனக்குக் கால் மரத்துப்போயிருந்தது. உட்கார்ந்தபடியே கேட்டேன்.

"அது என்னாலதானாம்மா?"

அவள் சுருளை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள்.

"அன்னைக்கு நான் மாடி சன்னல்ல நின்னு காரு வருதான்னு பாத்துக்கிட்டிருந்தேன். நீங்க கம்பத்துல இருந்த துணிய அவுத்து ஷூவத் தொடச்சீங்க. நம்ம வீட்டு விசேசத்துக்கு இவ்வளவு சுத்தமா வாராரேன்னு நெனைச்சேன். பொறவுதான் தெருவுல எல்லாரும் பேசிக்கிட்டாவ, அந்தத் துணி எதுக்குக் கட்டுவாவன்னு."

கோபமாகச் சொல்லவில்லை. பிள்ளையின் நோட்டைத் திருத்திக் கொடுப்பவள் மாதிரிதான் சொன்னாள்.

"ஆமா சார். ஒங்களாலதான்."

நான் தலையை ஆட்டினேன்.

"எனக்கு அவுகளப் புடிச்சிருந்துச்சு" என்றாள்.

இரண்டு படி இறங்கி உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. எழப் பார்த்தேன், முடியவில்லை. பின்னால் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்தது. இரண்டு கையையும் தரையில் ஊன்றி ஓரமாக நகர்ந்துகொண்டேன். ஆட்டோ மூடிமேல் ஏறி, தடக் என்று இறங்கிப் போனது. மரத்திருந்த குதிகாலில் ஒரு எறும்பு கடித்ததுபோல இருந்தது. பிறகு இன்னொன்று. பிறகு முழங்கால்வரை மொத்தமாக ஏறத் தொடங்கியது.