முஸர்ரத்தின் பதினான்காம் அத்தியாயம்

இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் எங்கள் தெருவில் எழுத்தாளர்கள் இரண்டு பேர். ஒருவன் நான், வாஜித். இன்னொருத்தி முஸர்ரத். நான் மூன்று நாவல் எழுதியவன். மூன்றிலும் ஒரே அழுகை. அவள் எழுதியது ஒரே ஒரு துப்பறியும் நாவல். காய்கறித் தோட்டச் சங்கத்தின் செயலாளரை யாரோ மண்வெட்டியால் அடித்துக் கொன்றுவிடுகிறார்கள். துப்புத் துலக்குபவள் பிரெண்டா. பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்த்து ஓய்வுபெற்ற வெள்ளைக்காரக் கிழவி. கதை முழுக்கத் தேடினாலும் முக்காடு போட்ட பெண் ஒருத்திகூடக் கிடையாது. ஆனால் அட்டையில் ஒரு கறுப்பு முகத்திரையையும் அதற்குள் இரண்டு பெரிய கண்களையும் போட்டுவிட்டது பதிப்பகம்.

"யாரு கண்ணு இது?" என்று முஸர்ரத் போன் போட்டுக் கேட்டாள்.

"வாசகர்களுக்கு நீங்க யாருன்னு தெரியணுமில்ல?" என்றாளாம் பதிப்பாசிரியை.

"அப்ப பிரெண்டாவோட நாயையாவது ஒரு ஓரத்துல போடுங்க."

நாய் வரவில்லை.

மூன்று மாதம் கழித்து, ஒரு மணி நேரத் தொலைவிலிருந்த சிற்றூர் ஒன்றின் இலக்கிய விழாவுக்கு எங்கள் இருவரையும் கூப்பிட்டார்கள். அமர்வின் தலைப்பு 'இரு உலகங்களுக்கு நடுவே'. எனக்கு அது ஒன்பதாவது 'நடுவே'. என்ன கேட்பார்கள், என்ன சொன்னால் முன்வரிசை உருகும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

முஸர்ரத்தின் அப்பா, நான் சித்தப்பா முறை வைத்து 'சாச்சா' என்று கூப்பிடும் கரம்தாத்தும், எங்களோடு காரில் வந்தார். முப்பத்தொரு வருடம் நகரப் பேருந்து ஓட்டியவர். மகளின் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

"அப்பாஜி, படிச்சு முடிச்சிட்டீங்களா?"

"முடிச்சேன்."

"எப்படி இருந்துச்சு?"

"அப்புறம் பேசுவோம்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் சாலையைப் பார்த்தேன்.

நூலக மண்டபத்தில் எழுபது பேர் இருப்பார்கள். அமர்வை நடத்திய ஃபிலிப்பா அம்மையார் நல்லவர். இரக்கம் மட்டும் கொஞ்சம் கூடுதல். முதலில் என்னிடம் வந்தார். என் தகப்பனார் ஒற்றைப் பெட்டியோடு இந்த நாட்டில் வந்திறங்கிய கதையை வழக்கம்போல எடுத்துவிட்டேன். உண்மையில் அவர் கொண்டுவந்தது நான்கு பெட்டியும் ஒரு மெத்தை மூட்டையும். ஒற்றைப் பெட்டிக்குத்தான் கண்ணீர் வரும். வந்தது.

பிறகு முஸர்ரத் பக்கம் திரும்பினார். "ரெண்டு பண்பாட்டுக்கு நடுவுல கிழிபட்ட வலிதானே இந்த நாவல்?"

"இல்லைங்க. ஒரு கொலை. யார் செஞ்சாங்கன்னு கண்டுபிடிக்கணும்."

"அந்தக் கொலையே ஒரு உருவகம் இல்லையா? செத்தது உங்க அடையாளம்தானே?"

"செத்தது செயலாளருங்க. மண்வெட்டியால அடிச்சது."

ஃபிலிப்பா 'மண்வெட்டி' என்று குறித்து அடிக்கோடு போட்டார். தாய்மண் சம்பந்தமான ஏதோ ஒன்று என்று நினைத்திருப்பார்.

பார்வையாளர் கேள்வி நேரம் வந்தது. ஊதாநிறத் தொப்பி போட்ட ஒரு பெண்மணி எழுந்து குரலைத் தாழ்த்தினார். "தப்பா நினைக்காதீங்க. நீங்க எழுதுறதுக்கு உங்க அப்பா சம்மதிச்சாரா?"

முஸர்ரத்துக்குக் காது சிவந்துவிட்டது. "அதோ மூணாவது வரிசையில உக்காந்திருக்காரு. அவரையே கேளுங்க."

மைக் சாச்சாவின் கைக்குப் போனது. அவர் எழுந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "எனக்குச் சம்மதம் இல்ல" என்றார்.

முன்வரிசைத் தலைகளெல்லாம் பின்னால் திரும்பின. ஃபிலிப்பா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "சொல்லுங்க ஐயா. மனசுவிட்டுச் சொல்லுங்க."

"பதினாலாவது அத்தியாயத்துக்குச் சம்மதமே இல்ல. அந்தப் பல் டாக்டர் மூணே காலுக்குப் பதினேழாம் நம்பர் பஸ்ஸுல ஏறி, பதினோரு நிமிஷத்துல தோட்டத்துக்குப் போயி கொன்னுட்டான்னு எழுதியிருக்கா. மூணே கால் பள்ளிக்கூடம் விடுற நேரம். இருபத்தஞ்சு நிமிஷத்துக்குக் கொறைஞ்சு அந்த பஸ் போகாது. ஓட்டினவன் நானு."

"அப்பாஜி! கொலைகாரன் யாருன்னு சொல்லிட்டீங்களே!"

"அவன் கொலை பண்ணியிருக்கவே முடியாதுங்கறேன்!"

"நானே கடிகாரத்தோட ஏறிப் பார்த்தேன். சரியா பதினோரு நிமிஷம்."

"என்னைக்குப் போன?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். "ஞாயித்துக்கிழமை."

"ஞாயித்துக்கிழமை எந்தப் பள்ளிக்கூடம் விடுது?"

மண்டபம் வெடித்துச் சிரித்தது. பின்வரிசையிலிருந்து ஒரு வயதானவர் எழுந்தார். "நான் அந்தப் பக்கம் பால் வண்டி ஓட்டினவன். பாலத்துல எறங்கி, கால்வாய் ஓரமா ஓடினா முடியும்."

"ஓடுவானா? அவனுக்கு முட்டி வலின்னு நாலாவது அத்தியாயத்துல இருக்கு," என்றார் சாச்சா.

"சைக்கிள்?" என்றார் ஊதாத் தொப்பி.

"முட்டி வலிக்கு சைக்கிளாம்மா?"

ஃபிலிப்பா கையைத் தூக்கினார். "நாம கொஞ்சம் அடையாளத்தைப் பத்தி..."

"ஆமா, அதைச் சொல்லுங்க," என்றார் பால்காரர். "பஸ்ஸுல இருந்தவங்க யாராவது அவனை அடையாளம் காட்டினாங்களா?"

கொலைகாரன் தெரிந்துபோன நாவலை இனி யார் வாங்குவார்கள் என்று நினைத்தேன். ஆனால் வெளியே மேசையில் இருந்த அவளுடைய பிரதிகள் அத்தனையும் தீர்ந்தன. ஆளாளுக்குப் பதினான்காம் அத்தியாயத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு நடைபாதையில் சண்டை போட்டார்கள். என் நாவல் அடுக்கு அப்படியே இருந்தது.

திரும்பும் வழியில் முஸர்ரத் பத்து மைல் தூரம் அப்பாவைத் திட்டினாள். அப்புறம் திடீரென்று சிரித்தாள். "மூணு மாசமா எத்தனை பேர் பேட்டி எடுத்தாங்க, வாஜித் பாய்! ஒருத்தராவது அந்த முட்டி வலியைப் பத்திக் கேட்டாங்களா?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குப் பொறாமையாக இருந்தது. என் மூன்று நாவலிலும் இதுவரை யாரும் ஒரு பிழைகூடக் கண்டுபிடித்ததில்லை. பிழை இல்லாததால் அல்ல.

அடுத்த புதன்கிழமை மூணே காலுக்கு மூவரும் பதினேழாம் நம்பரில் ஏறினோம். ஒவ்வொரு சிவப்பு விளக்குக்கும் சாச்சா, "மாஷா அல்லாஹ்!" என்றார். முஸர்ரத் பல்லைக் கடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள். தோட்டம் போய்ச் சேர இருபத்தேழு நிமிஷம் ஆனது.

இரண்டாம் பதிப்புக்காக அத்தியாயத்தை மாற்றி எழுதினாள். கொலைகாரன் இப்போது பக்கத்துப் பாத்திக்காரன். வேலியைத் தாண்டினால் போதும். சாச்சா புதிய பக்கங்களை இரண்டு முறை படித்தார்.

"நேரமெல்லாம் இப்ப சரியா இருக்கு. ஆனா பஸ்ஸையே தூக்கிட்டியே!" என்றார்.

அதற்கப்புறம் இரண்டு நாள் அவர் மகளோடு பேசவில்லை.